மூணு லட்ச ரூபாய் ஸ்டிக்கர்

டிஸ்கி: போன வாரம்தான் ஒல்லியாக, பளபளவென்று ஒரு லேப்டாப் வாங்கி, மூடி மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வயிற்றெரிச்சலுக்கு நான் பொறுப்பல்ல :-)

கவுன்சலிங் முடிகிற சீசனில் தில்லித் தமிழர்களிடமிருந்து எனக்கு வருகிற போன்கள் எல்லாம் ஒரே அச்சு. "பொண்ணுக்கு ஆர்க்கிடெக்சர் கிடைச்சிருக்கு சார். இருக்கறதிலேயே பெஸ்ட் லேப்டாப் எதுன்னு சொல்லுங்க." பெஸ்ட் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால் பதில் ரூபாயில் வரும். "ரெண்டரை, மூணு வரைக்கும் போலாம் சார். இ.எம்.ஐ. போட்டுக்கறேன். ஒரே தடவையா பெருசா வாங்கிட்டா அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை பாருங்க."

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நான் பிடுங்குவது ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் ஆணி. மொபைல் வொர்க்ஸ்டேஷன் என்கிற வகை லேப்டாப்பில்தான் வருஷக்கணக்காக வேலை. டெல் பிரிசிஷன், ஹெச்.பி. இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசை என்று இந்த வகைக்குப் பெயர் போனவை உண்டு. (டெல் 2025-ல் பிரிசிஷன் என்கிற நல்ல பெயரைத் தூக்கிவிட்டு 'புரோ மேக்ஸ்' என்று வைத்தது. ஏதோ சலவைத்தூள் மாதிரி. அது கிடக்கட்டும்.)

இந்த "ஒரே தடவையா பெருசா" மேல்தான் என் கோபம் எல்லாம். கிரைண்டருக்கு அது சரி. பீரோவுக்கு சரி. லேப்டாப்புக்கு அது சொந்தச் செலவில் சூனியம். லேப்டாப்பில் விலைக்கும் ஆயுளுக்கும் சம்பந்தம் கிடையாது. பின்மூடியைக் கழற்றி உள்ளே இருப்பதை மாற்ற முடியுமா, முடியாதா என்பதில்தான் ஆயுள் இருக்கிறது. மூணு லட்சத்தை வாங்கிக்கொண்டு, மெமரியைப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்து, "இதில் எதுவும் மாற்ற முடியாது" என்று சொல்கிறவனுக்கு நம் வீட்டுக் காசு போகக் கூடாது. இது என் கட்சி.

முதலில் ஸ்டிக்கர் விஷயம். கடையில் போய் நின்றால் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற இரண்டு மூன்று ஸ்டிக்கர்களைத்தான் நாம் வாங்குகிறோம். கிராபிக்ஸ் சிப்பின் பெயர் பெரிதாக இருந்தால் பொட்டியும் பெரிது என்று நம்பிக்கை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5000 அடா என்று ஒரு வொர்க்ஸ்டேஷன் கிராபிக்ஸ் இருக்கிறது. மேஜைக் கம்ப்யூட்டருக்கான கார்டில் 12,800 கோர், 32 ஜிபி மெமரி. அதே பெயரில் லேப்டாப்பில் வருவதில் 9,728 கோர், 16 ஜிபி. சிப்பே வேறு. பெயர் மட்டும் ஒன்று. கேம் ஆடுகிறவர்களுக்கான 4090-லும் இதே கதைதான். மேஜைக்கு 16,384 கோர், 24 ஜிபி. மடிக்கு 9,728 கோர், 16 ஜிபி. அரிசி மூட்டையில் பொன்னி என்று அச்சடித்துவிட்டு உள்ளே ரேஷன் அரிசி கட்டினால் நாம் கடைக்காரரை விட்டுவைப்போமா?

அதுகூடப் பரவாயில்லை, லேப்டாப்பின் சூட்டுக்கும் பேட்டரிக்கும் ஏற்ற சிப்பைத்தான் போட முடியும் என்று ஒரு நியாயம் சொல்லலாம். அடுத்தது அதைவிட மோசம். லேப்டாப்புக்கு லேப்டாப் ஒரே சிப் வேறு வேறு வாட்டில் ஓடும். 2021-ல் வந்த 3080 லேப்டாப் சிப்பை 80 வாட்டிலும் ஓட்டினார்கள், 150 வாட்டுக்கு மேலும் ஓட்டினார்கள். ஒல்லிப் பொட்டியில் 80 வாட்டில் மூச்சு வாங்கும் 3080-ஐ, தடிப் பொட்டியில் முழு வாட்டில் ஓடும் 3070 முந்திவிடும். ஆனால் ஒல்லிக்கு விலை கூடுதல்! கடையில் "இந்த மாடலில் கிராபிக்ஸ் எத்தனை வாட்?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பனைத் தம்பி பேய் முழி முழிப்பார். தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஸ்பெசிபிகேஷன் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பிராசசரும் அப்படித்தான். இன்டெலின் 13-ஆம் தலைமுறை ஹெச்எக்ஸ் சிப்களுக்கு அடிப்படை 55 வாட், உச்சம் 157 வாட் என்று எழுதியிருக்கும். அந்த உச்சம் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதற்கு மேல் எத்தனை வாட்டில் நிலைத்து ஓடும் என்பது உள்ளே இருக்கிற காற்றாடியையும் செம்புக் குழாயையும் பொறுத்தது. ஒன்றரை கிலோ பொட்டியில் செம்புக்கு இடம் ஏது? ரெண்டரிங் என்பது மணிக்கணக்கில் ஓடும் வேலை. அதற்கு முதல் அரை நிமிஷத்து வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சினிபெஞ்ச் என்கிற இலவச மென்பொருளைப் பத்து நிமிஷம் விடாமல் ஓட்டினால் சாயம் வெளுத்துவிடும்.

இப்போது மெமரி. என் கோபத்தின் மூலஸ்தானம் இதுதான்.

பழைய வொர்க்ஸ்டேஷன்களில் மெமரிக்கு நான்கு ஸ்லாட் இருக்கும். இரண்டு அடியில், இரண்டு கீபோர்டுக்குக் கீழே. 16 ஜிபி போட்டு வாங்கி, வேலை கூடினால் 32, பிறகு 64 என்று போய்க்கொண்டே இருக்கலாம். தயாரிப்பாளர் போட்டுத் தருகிற மெமரிக்கு ஒரு விலை, அதையே நேரு பிளேஸில் வாங்கினால் அதைவிடக் குறைவான ஒரு விலை. இந்த வித்தியாசத்தில் நாம் பிழைத்துக்கொண்டிருந்தோம். அது அவர்கள் கண்ணை உறுத்தியது. 2012-ல் ஆப்பிள் ரெட்டினா மேக்புக் புரோவில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து வழிகாட்டியது. அப்புறம் ஊரே அந்த வழியில் போயிற்று. இன்று 'வொர்க்ஸ்டேஷன்' என்று பட்டம் கட்டி விற்கிற ஒல்லிப் பொட்டிகளிலும் இது வந்தாயிற்று. வாங்குகிற நாளன்றே 64 வேண்டுமா 32 வேண்டுமா என்று ஜோசியம் பார்த்துச் சொல்ல வேண்டும், அவர்கள் சொல்கிற விலைக்கு.

கேட்டால் தொழில்நுட்பக் காரணம் சொல்வார்கள். கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் ஏஐ மேக்ஸ் போட்டு 2025-ல் வந்த ஹெச்.பி. இசட்புக் அல்ட்ராவில் 128 ஜிபி வரை மெமரி, கிராபிக்ஸும் அதையே பங்குபோட்டுக்கொள்கிறது. அந்த அகலத்துக்கும் வேகத்துக்கும் ஸ்லாட் ஒத்துவரவில்லை. பொட்டியைத் திறந்து மாற்றுவதையே கொள்கையாக வைத்திருக்கும் பிரேம்வொர்க் நிறுவனம்கூட அந்தச் சிப்போடு மெமரியைப் பற்றவைக்கத்தான் வேண்டியிருந்தது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு சிப்புக்கான நியாயத்தைச் சாதாரண 15 அங்குலப் பொட்டிக்கும் சேர்த்துச் சொன்னால் எப்படி? டெல் 2022-லேயே பிரிசிஷன் 7670-ல் காம் என்று ஒரு தட்டை மெமரி அட்டையைக் கொண்டுவந்தது. ஸ்குரூ போட்டு மாட்டலாம், கழற்றலாம். 2023 டிசம்பரில் அது காம்2 என்ற பெயரில் தொழில்துறைக்கே பொதுத் தரமாயிற்று. 2024-ல் லெனோவோ திங்க்பேட் பி1-ன் ஏழாம் தலைமுறையில், மின்சாரம் குறைவாக இழுக்கும் மெமரியையே எல்பிகாம்2 என்கிற அட்டையில் கொடுத்தார்கள். அந்தப் பொட்டி ஒல்லிதான்! ஆக, வழி இருக்கிறது. மனசுதான் இல்லை.

"அண்ணே, இப்பதான் மெமரி விலை எகிறிக் கிடக்கே, பின்னாடி வாங்கினா இன்னும் ஏறாதா?" என்று ஆபீஸில் ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் நம்மைப் போன்றவர்களுக்குச் சில்லறையில் விற்கும் குரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பின்னால் மெமரி மலிவாகக் கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் ஸ்லாட் என்பது விலைக்காக மட்டும் இல்லை. மெமரி கெடும். விண்டோஸ் காரணமில்லாமல் நீலத்திரை காட்டும். மெம்டெஸ்ட்86 ஓட்டினால் சிவப்பு வரிகளாக வந்து கொட்டும். ஸ்லாட் இருந்தால் ஒவ்வொரு குச்சியாகக் கழற்றிப் பார்த்து, கெட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தோடு அன்றைக்கே வேலையைத் தொடரலாம். பற்றவைத்ததில் ஒரு சிப் போனால் மதர்போர்டே போச்சு. வாரண்டி முடிந்திருந்தால் அது பாதிப் பொட்டியின் விலை.

மதர்போர்டு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குடியிருப்பில் மதுரைக்காரர் ஒருவர். மகள் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் வருஷம். இரண்டு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய வொர்க்ஸ்டேஷன். திடீரென்று ஒருநாள் ரெவிட் நகர மறுத்தது. மவுஸ் அசைவதே ஊர்வலம். அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "மதர்போர்டு மாத்தணும், வாரண்டி முடிஞ்சிருச்சு" என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தக் காசில் புதிதாக ஒரு நடுத்தர லேப்டாப்பே வாங்கலாம். அவரும் கிட்டத்தட்ட அதற்குத் தயாராகிவிட்டார். ஜூரி வருகிறதே, பிள்ளை அழுகிறதே!

வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லி ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டுப் பார்த்தேன். பிராசசர் 0.8 கிகாஹெர்ட்ஸில் நட்டுக்குத்தலாக நிற்கிறது. சூடு ஐம்பது டிகிரிகூட இல்லை. சூட்டினால் வேகம் குறைவதென்றால் நூறு டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். சூடும் இல்லாமல் வேகமும் இல்லை என்றால் யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் சார்ஜர் வகை 'தெரியவில்லை' என்று இருந்தது. அவ்வளவுதான் சமாசாரம். பல பொட்டிகளில் சார்ஜர் பின்னுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு கம்பி இருக்கும். 'நான் இத்தனை வாட் சார்ஜர்' என்று பொட்டிக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். அது அறுந்தாலோ, உள்ளே ஜாக்கில் தொடர்பு விட்டாலோ, யாரோ தெரியாத ஆள் கரண்ட் கொடுக்கிறார் என்று பயந்து பொட்டி தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும். பேட்டரியும் ஏறாது. வேறொரு சார்ஜர் மாட்டிப் பார்த்தும் அதே நிலை, எனவே ஜாக். இந்த மாடலில் ஜாக் தனி ஒயரோடு வருவது, போர்டில் பற்றவைத்ததல்ல. நேரு பிளேஸில் ஒரு சர்தார்ஜி பதினைந்து நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார். கூலியோடு ஆயிரத்துக்குள் முடிந்தது.

சர்வீஸ் சென்டர் பையனுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. தெரிந்தாலும் சொல்ல அவனுக்கு வழியில்லை. போர்டை மாற்றினால் கேஸ் முடிந்தது. உட்கார்ந்து தேடுவதற்கு யாரும் அவனுக்குக் காசு கொடுப்பதில்லை. அதுவே அந்த ஜாக்கும் போர்டோடு பற்றவைத்த மாடலாக இருந்திருந்தால், சர்தார்ஜியும் சால்டரிங் ஸ்டேஷனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். திறந்து மாற்றுகிற மாதிரி செய்த ஒரே காரணத்தால் ஒரு குடும்பத்தின் ஒரு மாசச் சம்பளம் மிஞ்சியது.

கிராபிக்ஸ் சிப் கதை இன்னும் பழசு. 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றின் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒத்துக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை அதற்கென ஒதுக்கியது. அந்தக் காலத்தில் போர்டைக் கழற்றிக் கேக் அவனில் வைத்துச் சுட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! எம்எக்ஸ்எம் என்று தனி அட்டையாக கிராபிக்ஸ் வந்த பெரிய வொர்க்ஸ்டேஷன் வைத்திருந்தவர்கள் அட்டையை மட்டும் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். இப்போது அந்த மாதிரி அட்டைகள் அருகிப் போய்விட்டன. கேட்பாரில்லை என்பதால்தான்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை, 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. அதே வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் இணையதளத்தைப் பார்த்து யாரும் ஸ்லாட் வைத்துவிட மாட்டார்கள். நாம் பர்ஸை மூடினால்தான் வைப்பார்கள்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? முதல் வருஷ மாணவிக்கு மூணு லட்சப் பொட்டி எதற்கு என்று முதலில் யோசியுங்கள். ரெவிட் பெரும்பாலும் ஒரு கோரின் வேகத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதற்குப் போய் 5000 அடா வாங்குவது முருங்கைக்காய் நறுக்க வீச்சரிவாள் வாங்குகிற மாதிரி. நடுத்தரமான, தடியான, இரண்டு மெமரி ஸ்லாட்டும் இரண்டு எஸ்எஸ்டி ஸ்லாட்டும் உள்ள ஒன்று போதும். மிச்சக் காசை பேங்கில் போடுங்கள். மூன்றாம் வருஷம் மெமரியும் எஸ்எஸ்டியும் வாங்க அது இருக்கும். இரண்டரை கிலோவா என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மாடல் செய்கிற அட்டையும் கட்டரும் டி-ஸ்கொயரும் சுமக்கிற தோளுக்கு இது ஒரு பாரமா?

இல்லை, நிஜமாகவே வொர்க்ஸ்டேஷன்தான் வேண்டும் என்றால் கம்பெனிகள் லீஸ் முடிந்து தள்ளிவிடுகிற பொட்டிகள் இருக்கின்றன. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, செகந்திராபாத்தில் சி.டி.சி., ஊருக்குப் போகும்போது ரிச்சி ஸ்ட்ரீட். தங்கமணிகள் 'செகண்ட் ஹேண்டா?' என்று மூக்கைச் சுருக்குவார்கள். சமாளியுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாவதில் ஓரிரண்டு விதிவிலக்கு தவிர ஆகாது. "சூப்பர் மெஷின் பாய் சாப்" என்று ஏழாம் தலைமுறை ஜியானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். லினக்ஸ் போடுகிறவராக இருந்தால் மட்டும் தாராளமாக வாங்குங்கள். பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு இல்லை, பழைய கம்பெனியின் பூட்டு எதுவும் இல்லை என்று உங்கள் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் எதிரிலேயே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அப்படியே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அமெரிக்காவில் இருக்கிற மச்சினன் கொண்டுவருவான் என்கிற வழியும் நம்மவர்களுக்கு உண்டு. வயது வந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பது உண்மைதான். ஆனால் வாரண்டி கூடவே விமானம் ஏறுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்குவதற்கு முன் அதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், மச்சினன் கோபித்துக்கொண்டாலும்.

புதுசோ பழசோ, நான் போன் செய்கிறவர்களிடம் சொல்வது ஒன்றுதான். மாடல் பெயரோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று இணையத்தில் தேடுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவோ மூன்றும் தங்கள் வியாபார மாடல்களுக்கு இதை இலவசமாகவே போடுகிறார்கள். அதில் மெமரியைக் கழற்றுகிற பக்கம் இருக்கிறதா? பேட்டரி ஸ்குரூவில் நிற்கிறதா, பசையிலா? காற்றாடியைத் தனியாக எடுக்க முடிகிறதா? தில்லித் தூசிக்கு வருஷம் ஒருமுறை அதைத் துடைத்தே ஆக வேண்டும். மெமரிக்கான பக்கத்தில் 'மதர்போர்டைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தால் அந்த மாடலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

பி.கு: எஸ்எஸ்டி மாற்றுவதற்கோ பயாஸ் அப்டேட் போடுவதற்கோ முன்னால் பிட்லாக்கர் ரிக்கவரி கீயை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 48 இலக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு நீலத்திரை அதைக் கேட்கும்போது சர்தார்ஜியும் கடையைச் சாத்தியிருப்பார், நானும் போனை எடுக்க மாட்டேன்.